உங்கள் நீலச் சட்டை

லோராடோவின் அப்பாவுக்கு,

நீங்கள் இங்கே விட்டுப்போன நீலச் சட்டையை ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். வியாழனன்று அதைப் போட்டுக்கொண்டுதான் கலஹாரி விமானத் திடலுக்குப் போனேன்.

நான் இன்னும் அந்தத் திடலின் கேன்டீனில் மக்வின்யா மாவுருண்டை பொரித்துக்கொண்டு மட்டும் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். அன்று பயிற்சியாளர் தெபே விமானத்தை விட்டு இறங்கி, "இனி நான் எதுக்கு? தனியா ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

சுற்றிவிட்டு இறங்க வந்தால், ஓடுபாதை நடுவில் ஒரு கழுதை.

"கழுதை வண்டியே ஓட்டத் தெரியாது, இவ பிளேன் ஓட்டப் போறாளாம்" என்று ஊர் கேட்கச் சொன்னீர்களே, அது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மறுபடி மேலேறினேன். கேன்டீன் பெண்கள் துடைப்பத்தோடு ஓடிக் கழுதையைத் துரத்தினார்கள். அடுத்த சுற்றில் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

"ஒரு சுத்துதானே சொன்னேன்?" என்றார் தெபே.

"கழுதைகிட்ட கேளுங்க" என்றேன்.

முதல்முறை தனியாகப் பறந்தவரின் சட்டை முதுகை வெட்டி, பெயரெழுதிச் சுவரில் மாட்டுவது எங்கள் விமான கிளப் வழக்கம். மாட்டிவிட்டார்கள்.

முன்பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொத்தான் ஒன்றும் குறையவில்லை. முதுகுக்குத் துணிவைத்துத் தைக்க அங்கே ஆள் இருப்பதாகக் கேள்வி.

இப்படிக்கு,
லோராடோவின் அம்மா