செல்வமுருகன் பேரில் நிற்கும் கார்

கூக்கால்,
ஐப்பசி 12

அன்பு மகள் லாவண்யாவுக்கு,

மாமா சேனாதிபதி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அய்யம்பாளையத்தில் நீயும் உன் அப்பா அம்மாவும் சுகம்தானே? போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். போன மாதம் கூப்பிட்டபோது மழை பெய்கிறதா என்று கேட்டாய், பெய்கிறது என்றேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அத்தைக்குக் காலில் சர்க்கரைப் புண். அடிக்கடி கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். நம் ஊர் பஸ்ஸின் லட்சணம் உனக்குத் தெரியும். நின்றுகொண்டே போய் வந்ததில் புண் ஆறவே இல்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வமுருகனின் காரோ ஷெட்டில் சும்மா நிற்கிறது. தாரணி பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சிதான். நன்றாகவே ஓட்டுகிறாள், வளைவுகளில் மட்டும் என் உயிரை வாங்குகிறாள்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் இன்சூரன்ஸைச் சரிபார்த்துவிடலாம் என்று பஜாரில் ஏஜெண்ட் தஸ்தகீரிடம் போனோம். புதிதாக ஓட்டுகிறவளுக்குக் குறைந்த பிரீமியத்தில் உருப்படியாக ஒன்று சொல்லுங்கள் என்று தாரணி கேட்டாள். அவர் பழைய பாலிசியைப் பார்த்துவிட்டு, செல்வமுருகன் வரவில்லையா என்றார். தாரணிதான் விஷயத்தைச் சொன்னாள்.

உனக்கு இது தெரியாது. அவன் காய்ச்சலில் போன பிறகும் அவன் போனை நான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்று வருஷா வருஷம் அதில் மெசேஜ் வரும். அதிலேயே அவன் பேரில் பணம் கட்டத் தாரணியிடம் சொல்லிவிடுவேன். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குத் தள்ளுபடி என்று போன வருஷம் அவனுக்கு வாழ்த்தும் வந்தது. உன் அத்தை அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

தஸ்தகீர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். “அண்ணே, இல்லாதவுக பேர்ல இருக்குற பாலிசி வெறும் பேப்பர்தாண்ணே. இத நம்பிப் புள்ளய மலை ரோட்டுல விட்டுறாதீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க” என்றார். சட்டப்படி வண்டிக்கு வாரிசு நீயும் உன் அத்தையும்தானாம். பெற்ற அப்பனுக்கு அதில் இடமில்லையாம். சட்டம் எழுதியவன் நன்றாக இருக்கட்டும்.

மலிவாக முடிக்க அவர் ஒரு வழி சொன்னார். உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வண்டியை உன் பேருக்கு மாற்றினால் அவன் தள்ளுபடி அப்படியே உனக்கு வருமாம். தாரணி ஓட்டிக்கொள்ளலாம். தாரணி பேருக்கே மாற்றினால் தள்ளுபடி போய்விடும், முழு இன்சூரன்ஸுக்கு நிறையவே ஆகும். தாரணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தாரணி பேரிலேயே போடச் சொல்லிவிட்டேன். சின்னச் சின்னக் கீறல்களை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டால் கொஞ்சம் குறையுமாம், சரி என்றேன். பூண்டு நன்றாக விளைந்திருக்கிறது, சமாளித்துக்கொள்வோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆடலூரில் ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், நீ பிடி கொடுக்காமல் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். எங்களை நினைத்துத்தான் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் காரை உன் தலையில் வைத்து, வருஷா வருஷம் உன்னைக் கையெழுத்துக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

உன் அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் பேரு எதுலயாவது கெடந்துட்டுப் போகட்டுமே” என்று அழுதாள். நேற்று நான் ஆடலூர் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவளாகவே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். “அவளுக்கும் எழுதிப் போடுங்க, வெரசா போடுங்க” என்றாள்.

தாரணி பேருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு அம்மா. அத்தையின் கால் அதற்குத்தான் காத்திருக்கிறது. ஆடலூர்க்காரர்களுக்கும் சம்மதம் சொல்லிவிடு. நீ கூப்பிட்டால் பெண் வீட்டாரோடு நாங்களும் வந்து நிற்போம், கூப்பிடாவிட்டாலும் எங்களுக்குக் குறையில்லை. பழனியாண்டவன் உன்னை நன்றாக வைக்கட்டும்.

தாளின் கீழே, இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கும். மனைவி என்று எழுது. அப்படி நீ எழுதுவது இதுவே கடைசியாக இருக்கட்டும்.

உன் நல்வாழ்வை வேண்டும்,
மாமா சேனாதிபதி