பிஸ்கற் பேணிக்குள் கலந்த ரவைகள்

“மாமா, இதுக்குள்ளை எது நல்லது?”

உன் மகள்தான் கேட்டாள். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தாள். வட்டமான நீலத் தகர பிஸ்கற் பேணி ஒன்று, மூடி திறந்தபடி. உள்ளே பிஸ்கற் இல்லை. பித்தளை உடலும் ஈய முனையுமாகச் சின்னச் சின்னத் துவக்கு ரவைகள் வாய்வரை குவிந்து கிடந்தன. உன் துவக்கு அலுமாரியின் திறப்பைத் தேடி எடுத்துத் திறந்த பிள்ளைக்கு நீ விட்டுப்போன சொத்து அதுதான்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். உனக்காக அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அன்று அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே நோர்வேக்குப் போன் எடுத்து ஏசியிருப்பேன். நீ இல்லாதபடியால் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பல வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே இதைக் கேட்டாய். “மச்சான், ஒரே துவக்கு, ஒரே கை. போன கிழமை வாங்கின பெட்டி ஒரு ரூபாக் காசுக்குள்ளை குத்துது. இண்டைக்கு வாங்கினது தாள் முழுக்க ஓடித் திரியுது. பெட்டியும் அதே, பேரும் அதே. எது நல்லது?”

நெடுந்தீவிலிருந்து வந்து நாரந்தனையில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன் நீ. பிறகு நோர்வேயின் வடக்கு முனையில் மீன் பதனிடும் வேலைக்குப் போனாய். அதுவும் தீவுதான், பனையில்லாத தீவு என்றாய். மாரியில் சூரியனைக் காணாத ஊர். அங்குள்ள மீனவர்களின் சுடுகழகத்துக்கு நீ முதலில் போனது, அந்தக் கொட்டிலில் அடுப்பும் கோப்பியும் இருந்ததற்காக. பிறகு ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருந்த கறுப்பு வட்டம் உன்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கோ துவக்கைப் பற்றி எதுவும் தெரியாது. விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக நீ என்னைக் கேட்டாய். நானும் தேடிப் படித்தேன்.

படித்ததைப் பொறுமையாகத்தான் சொன்னேன். இந்தச் சின்ன ரவையைப் பற்றவைக்கும் மருந்து அதன் பின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்ததும் வெடிக்கிறது. பெரிய ரவைகளைப் போலக் கழற்றி, நாமே மருந்தை நிறுத்துப் போட்டுத் திருத்த ஏலாது. தொழிற்சாலை தந்ததுதான் நமக்கு. அங்கே ஒருமுறை செய்யும் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையில் மருந்திலோ ஈயத்திலோ மேலே பூசும் மெழுகிலோ ஒரு மயிரிழை வித்தியாசம் வரும். ஒவ்வொரு துவக்குக் குழாய்க்கும் ஒவ்வொரு குணம். ஆகவே ‘நல்ல ரவை’ என்று ஒன்று இல்லை. இந்தத் துவக்குக்கு, இந்தத் தொகுதி நல்லது என்பதுதான் உண்டு.

உனக்கு விளங்கட்டும் என்று கத்தரி விதையையும் சொன்னேன். பையில் ஒரே பெயர்தான். போன வருடத்து விதை முளைத்தது, இந்த வருடத்து விதை ஏமாற்றுகிறது. அதனால்தானே கொஞ்சத்தை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பார்த்துவிட்டு நாற்றுமேடையில் போடுகிறோம்? நீ ஓம் ஓம் என்று கேட்டாய். அடுத்த கிழமை, அந்தப் பகுதிச் சம்பியன் பாவிக்கிறான் என்று கடையிலிருந்த ஆக விலை கூடியதை வாங்கிக்கொண்டு வந்தாய். அது உன் துவக்கில் சரிவரவில்லை. அடுத்து ஆக வேகமானதை வாங்கினாய்.

வேகத்தைப் பற்றியும் சொன்னேனே. சத்தத்தின் வேகத்தை மிஞ்சிப் புறப்படும் ரவை, போகப் போக வேகம் குறைந்து அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது குலுங்கும். குறிகட்டுவானில் துறைக்கு வந்த படகு இயந்திரத்தைக் குறைத்ததும், பின்னால் வந்த அதன் அலையே அதைத் தூக்கி ஆட்டுவதில்லையா? தொடக்கத்திலேயே சத்தத்தை விட மெதுவாகப் போகும் ரவைக்கு அந்தத் தொல்லை இல்லை. நெடுந்தீவானுக்குப் படகைச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன். “மெதுவாப் போறதுக்கு ஆராவது காசு குடுப்பானோ?” என்று சிரித்தாய்.

இந்தக் கதைகளால் என் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லாமல் போயிற்று. போரைக் கேட்ட எங்கள் காதுகளுக்குத் துவக்கு என்ற சொல் அங்கே உனக்கிருந்ததைப் போல விளையாட்டுச் சாமான் அல்ல. போனில் அந்தச் சொல்லே வரக்கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டாள். “அண்ணைக்கு அங்கை இருந்து கதைக்கலாம். இஞ்சை ஆரும் வந்து கேட்டால் நீங்கள்தான் மறுமொழி சொல்லவேணும்” என்றாள். அன்றிலிருந்து விதை என்றே பேசினோம். நீ அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமாகக் கத்துவாய், இந்த முறை விதையெல்லாம் ஒரே குழியில் விழுந்தது என்று. வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் ஒரு பை அந்த வெளிநாட்டு விதை அனுப்பச் சொல்லி வருடக் கணக்காக என்னை அரித்தார். கடைசியில் கடையில் கத்தரி விதை வாங்கி, நீ அனுப்பியது என்று கொடுத்தேன். அது முளைக்கவுமில்லை. இன்றுவரை உனக்குத்தான் பேச்சு.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னை எரிச்சல்படுத்தியது உன் கத்தரிக்கோல்.

நயினாதீவுத் திருவிழாவுக்கு நீ வந்த அந்த முறை நினைவிருக்கிறதா? படகுக்குக் காத்து நிற்கும்போது, பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுவது போலப் பணப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தாய். வெட்டிய இலக்குத் தாள். நடுவில் பத்து ரவையும் சேர்ந்து ஒரே ஓட்டை. நான் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பைகளைச் சோதித்துக்கொண்டு வந்த கடற்படைப் பெடியன் கையை நீட்டினான். கொடுத்தேன். ஓட்டைக் கடதாசியை அவன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். வேட்டியும் விபூதியுமாக நின்ற உன்னை மேலும் கீழும் பார்த்தான்.

“எத்தினை மீற்றர்?”

“ஐம்பது” என்றாய், நெஞ்சை நிமிர்த்தி.

“சோக்” என்று மெச்சி, மடித்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். அதன் பிறகு கோயில் முடியும்வரை உன்னோடு கதைக்க முடிந்ததா? அம்மனைப் பார்த்ததை விட அந்தத் துண்டைத்தான் கூடப் பார்த்தாய்.

திரும்பும் படகில்தான் கேட்டேன். “இது ஒண்டு. அண்டைக்குச் சுட்ட மிச்சத் தாள் எல்லாம் எங்கை?”

“அடுப்பிலை.”

“ஏனடாப்பா?”

“அதுகளைப் பார்த்து என்ன செய்யிறது? வயித்தெரிச்சல்.”

ஒரு வகுப்புப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தவறிவிட்டு, சித்திரத்துக்கு வந்த புள்ளியை மட்டும் வீட்டில் காட்டினால் நீ என்ன சொல்லுவாய் என்று கேட்டேன். நல்லாச் சித்திரம் கீறுறான் எண்டு சொல்லுவன் என்றாய். ஆக நல்ல தாளைக் கொண்டு ரவையைத் தெரிவு செய்யாதே. எல்லாத் தாளையும் ஒன்றாக வைத்துப் பார் என்றேன். நடுவில் விழுந்ததா என்று பார்க்காதே; எவ்வளவு நெருங்கி விழுந்தது என்று பார் என்றேன். எப்போதும் அரை மணித்தியாலம் பிந்தும் நெடுந்தீவுப் படகை நம்பிப் பயணம் வைக்கலாம். ஒருநாள் முந்தியும் ஒருநாள் பிந்தியும் புறப்படும் படகை நம்ப ஏலாது. விலகி விழுவதைக் குறிக்கருவியைத் திருகிச் சரிப்படுத்தலாம். சிதறி விழுவதை எதைத் திருகிச் சரிப்படுத்துவது? நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “மாஸ்ரர், பெல் அடிச்சிட்டுது” என்றாய்.

நான் சொன்னது ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. ஏறியது உன் மகள் செய்ததுதான். கழக அணிக்கு உன்னை எடுக்கவில்லை என்று நீ சாப்பிடாமல் இருந்த கிழமை, அவள் தொலைநோக்கியோடு உன் பின்னால் வந்து குந்திக்கொண்டாள். கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டாள். கைநடுக்கம் கணக்கில் வராதபடி துவக்கை மேசையில் தாங்கு வைத்துச் சுட வைத்தாள். தொகுதி மாற்றும்போதெல்லாம் பழைய மெழுகு குழாயை விட்டுப் போகும்வரை முதல் சில வெடிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. பத்துப் பத்தாக, ஒவ்வொரு தொகுதியிலும் பல தாள். ஒன்றையும் எறிய விடவில்லை. அன்றைக்கு நீ போனில் கதைத்த குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. “அம்பிட்டுது மச்சான். நடுத்தர விலைப் பெட்டி. அதே பேரிலை இன்னொரு தொகுதி கிடக்குது, அது பழக்கத்துக்குத்தான் சரி. மற்றது தங்கம்.”

அந்தத் தொகுதியில் கடையிலிருந்ததை எல்லாம் வாங்கினாய். அணியில் இடமும் கிடைத்தது. அந்த வயதில், அந்த மீனவர்களுக்கு நடுவில், நெடுந்தீவான் ஒருவனுக்கு. ரவையெல்லாம் கவனமா என்று கேட்டேன். “ஒண்டுக்கும் யோசியாதை. மட்டைப் பெட்டி ஈரம் பிடிக்கும், பேணியிலை போட்டு வைச்சிருக்கிறன்” என்றாய். பெட்டியோடு வைத்திருக்கிறாய் என்று நினைத்து, நல்லது என்றேன். வசந்தகாலப் போட்டிக்கு முன் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

கழகம் உன் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மகளைக் கேட்டார்கள், உன் துவக்கோடு வந்து சுடச் சொல்லி. உன் இடத்தில் நின்று கேவலப்படக்கூடாது என்பதுதான் அவளுடைய பயம். உன்னுடைய அந்தத் தங்கம் இருந்தால் போதும் என்று அலுமாரியைத் திறந்தாள். இரண்டு தொகுதியும் ஒரே பேணிக்குள். இரண்டுக்கும் பின்புறத்தில் ஒரே முத்திரை. தொகுதி இலக்கம் அச்சடித்த மட்டைகளை நீ எறிந்துவிட்டாய். கடையிலும் அந்தத் தொகுதி முடிந்துபோயிற்று.

நிறுத்துப் பார்க்கலாமா, அளந்து பார்க்கலாமா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் பொறுமை இழந்தாள். “மாமா, நீங்கள் துவக்கைக் கண்டதே இல்லை.”

“கண்டிருக்கிறன் பிள்ளை. பின்பக்கத்திலை இருந்து காணேல்லை, அவ்வளவுதான்.”

அவள் பேணியைக் கிளறினாள். பிறகு, பேணிக்குள் கசங்கிய எண்ணெய்க் கடதாசி ஒன்று கிடந்தது, அது ஏன் என்று தெரியவில்லை என்றாள்.

எனக்குத் தெரிந்தது. நெடுந்தீவில் உன் அம்மாவின் பலகாரப் பேணி. மேல் தட்டு வீட்டுக்கு, கீழ்த் தட்டு வருகிற ஆட்களுக்கு, நடுவில் ஒரு எண்ணெய்க் கடதாசி. நீயும் நானும் கடதாசியைக் கிழிக்காமல் விரலை விட்டுக் கீழ்த் தட்டைக் காலி செய்தவர்கள். அந்த ஒழுங்கில்தான் நீ அடுக்கியிருக்கிறாய்: மேலே பழக்கத்துக்கு, கீழே போட்டிக்கு. மடையா, முறுக்கென்றால் கடதாசிக்குக் கீழே நிற்கும். மெழுகு பூசிய ரவை நிற்குமா? திறக்குமுன் அலுமாரியைத் தன் வீட்டுக்கு ஏற்றி இறக்கினாள் பிள்ளை. அத்தனையும் கலந்தாயிற்று.

அதைச் சொன்னபோது அவள் சிரித்தாளா அழுதாளா என்று போனில் எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த நாள் பேணியிலிருந்து எடுத்துச் சுட்ட தாளை அனுப்பினாள். ஒரே தாளில் இரண்டு கூட்டம். நடுவில் நெருக்கமாக ஒன்று, கொஞ்சம் கீழே சிதறலாக இன்னொன்று. எது எந்தத் தொகுதி என்பது சுட்ட பிறகுதான் தெரிகிறது. தெரியும்போது அந்த ரவை இல்லை.

பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. கடையில் இருந்த தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உன்னை வைத்துச் செய்ததையே தனியாகச் செய்தாள். படமெடுத்த எல்லாத் தாளும் எனக்கு வந்தன. பார்க்கவே வெட்கமானவையும் வந்தன. உன் தங்கத்துக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. ஒன்று மட்டும் ஒருநாளும் ஓடித் திரியவில்லை. அதையே போட்டிக்கு எடுத்தாள்.

போட்டி முடிந்து போன் எடுத்தாள். அணி முதலாவதாக வரவில்லையாம். தன்னால் அணி கீழே போகவுமில்லை, அடுத்த வருடமும் வரச் சொன்னார்கள் என்றாள். தொடங்குமுன் குறி பார்க்க விடும் வெடிகளில் முதலாவதை மட்டும் உன் பேணியிலிருந்து போட்டாளாம். அது கீழே, இடப்பக்கம் ஓரத்தில் போய்க் குத்தியதாம். “அப்பா வந்திட்டுப் போயிட்டார் மாமா” என்றாள்.

கீழ்த் தட்டுத் தங்கத்தில் ஒன்றாவது அவள் கைக்கு வந்திருக்கக் கூடாதா, மச்சான்? அதற்கும் உன்னை ஏசிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வெட்டிய தாள் துண்டு இப்போது என் பணப்பையில் இருக்கிறது. உன் சாமான்களோடு வந்ததை அவள் எனக்கு அனுப்பினாள். மற்றத் தாள்களை எரித்ததற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடுப்பில் போன அந்தத் தாள்களில் ஒன்று கிடைத்தாலும் இதோடு சேர்த்து வைத்திருப்பேன்.

இதை வாசிப்பவர் யாராவது இலக்குச் சுடுபவராக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள்: ஒரே தொகுதியில் பத்து ரவையை ஒரே தாளில் சுட்டு, தொகுதி இலக்கத்தை அந்தத் தாளிலேயே எழுதி, எப்படி வந்திருந்தாலும் வெட்டாமல் வையுங்கள்.