திரையில் இருக்கும் பணம்

இலோய்லோ, பிலிப்பைன்ஸ்
9 டிசம்பர் 2019

அன்புள்ள மிலா அக்கா,

நானும் மகள் கிளாரிஸும் நலம். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம், அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

சந்தைப் பக்கத்துக் கடையை ஜனவரிக்குள் கிரயம் முடிக்கச் சொல்கிறார் உரிமையாளர் பெர்தோ. சோற்றுக்கடை போட அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. என் கணவர் டானிலோ கப்பல் வேலையில் இறந்ததற்குக் கம்பெனி தந்த இருபதாயிரம் டாலரை நான் இங்கேயே போட்டிருப்பேன். "பெய்ரூட் வங்கியில வருஷத்துக்கு நூத்துக்குப் பத்து வட்டி தர்றான், அங்க தூங்குற காசை எங்கிட்ட அனுப்புடி" என்று சொன்னது நீதான். இப்போது திருப்பி அனுப்பு.

உன் தங்கை,
லூஸ்வி

பெய்ரூட்
3 ஜனவரி 2020

அருமை லூஸ்விக்கு,

மருத்துவமனையில் பணி முடிந்ததும் நேராக வங்கிக்குப் போய் நான்கு மணி நேரம் நின்றேன். இந்த லெபனான் அரசாங்கம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் திணறுகிறது. வங்கிகள் எங்கள் பணத்தையெல்லாம் அதற்குத்தான் கொடுத்திருந்தனவாம். வாரம் இருநூறு டாலருக்கு மேல் தருவதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பவே விடுவதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டேன்:

"என் பணம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சிஸ்டர். திரையில பாருங்க."

"திரையில இருக்கறதைக் கையில குடும்மா."

"அதை மட்டும் கேக்காதீங்க. எங்கப்பாவோட ஓய்வுப் பணமும் இதே வங்கியிலதான் மாட்டியிருக்கு."

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தார். அவரைத் தடுக்கக் காவலாளிக்கே மனசு வரவில்லை.

பெர்தோவிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேள்.

மிலா

இலோய்லோ
2 பிப்ரவரி 2020

அக்காவுக்கு,

கடை போய்விட்டது. பெர்தோ வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

துபாயில் இருக்கும் சித்தி மகன் போயெட் சொல்கிறான்: "போட்ட பணத்தைத் திருப்பித் தராத வங்கி எங்கயாவது உண்டா? அக்கா யார்கிட்டயோ குடுத்து ஏமாந்துட்டு கதை விடுது." நான் அவனைத் திட்டினேன். ஆனால் அவன் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை.

யாரிடமாவது ஏமாந்திருந்தால் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். அது டானிலோவின் உயிருக்குக் கிடைத்த பணம். உண்மையிலேயே இருக்கிறதா?

லூஸ்வி

பெய்ரூட்
8 ஜூலை 2020

லூஸ்வி,

ஐந்து மாதமாக நீ போனை எடுக்கவில்லை. இதை ஊர் திரும்பும் தோழி நெனிட்டாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வங்கி முத்திரையிட்ட கணக்குத் தாளும் கூட இருக்கிறது. போயெட்டிடம் காட்டு.

இன்னும் பொறுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்துவிட்டேன். கணக்கை மூடினால் ரொக்கம் கிடையாது, காசோலைதான்; அதையும் இங்கே இன்னொரு வங்கிக் கணக்கில்தான் போட முடியும். அதை வாங்கிக்கொண்டு நூறுக்கு நாற்பது ரொக்கம் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். "நாளைக்கு வந்தா முப்பத்தஞ்சுதான் சிஸ்டர், யோசிச்சுக்கோங்க" என்றான் ஒருவன். உன்னைக் கேட்காமலே விற்றுவிட்டேன். உன் இருபதாயிரத்துக்கு எட்டாயிரம் கிடைத்தது. என் பத்தொன்பது வருடச் சேமிப்பை விற்றதில் ஏழாயிரம். இரண்டும் உனக்குத்தான், ரொக்கமாக நெனிட்டாவிடம் கொடுத்திருக்கிறேன்.

தியாகம் என்று நினைக்காதே. ஆசை காட்டி உன்னை இதில் இழுத்துவிட்டவள் நான். சம்பளம் வாடகைக்கும் ரொட்டிக்கும் போதுகிறது.

பணம் வந்ததென்று ஒரு வரி எழுது.

மிலா

இலோய்லோ
22 ஜூலை 2020

அக்கா,

பதினைந்தாயிரமும் வந்தது. கணக்குத் தாளைப் படமெடுத்துப் போயெட்டுக்கு அனுப்பினேன்.

உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனாலும் டானிலோவின் பணத்தில் பன்னிரண்டாயிரம் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

உன் ஏழாயிரத்தை நான் தொடமாட்டேன். திருப்பி அனுப்பலாம் என்றால் அந்த வங்கி மறுபடியும் விழுங்கிவிடும். அதனால் இங்கேயே வைத்திருக்கிறேன், நீயே வந்து எடுத்துக்கொள். ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு உனக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். கிளாரிஸ் தன் அறையில் உனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறாள்.

வந்ததும் சண்டை போடுவேன். தயாராக வா.

லூஸ்வி