‘போலாமா’ என்று நீ கேட்டது

இன்று பிற்பகல் குனோங் ராப்பாட் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. சிங்கப்பூர் விமானம் ஈப்போவில் இறங்கும் நேரம். தாழ்வாக வந்துகொண்டிருந்த எஞ்சின் சத்தம் தேய்ந்து அடங்க வேண்டிய இடத்தில், திடீரென்று முழு வீச்சில் உறுமியது. விமானம் தரையைத் தொடாமலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் ஏறிப் போய்விட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். "பைலட்டு பயந்துட்டான்லா" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பயப்படவில்லை, விதிப்படி நடந்துகொண்டான் என்றேன். அவர் விடுவதாக இல்லை. அவருடைய மகன் எந்த ஏர்லைனுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கைப்பேசியில் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுப்பானாம். இந்தக் கம்பெனியின் பதிவில் ஒரு கரும்புள்ளிகூட இல்லையாம். நான் தே தாரேக் டீயை அப்படியே வைத்துவிட்டு மழையோடு காருக்கு ஓடினேன். கரும்புள்ளி இல்லாத பதிவு எப்படி உருவாகிறது என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

நீ இறந்து மூன்று வருடம் ஆகிறது. உன் பெரிய மகள் இப்போது பயிற்சி விமானி, அதுவும் நாம் விமானம் ஓட்டிய அதே கம்பெனியிலேயே. இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு டப்பா லட்டோடு வீட்டுக்கு வந்து, வரும் திங்கட்கிழமை முதல் வகுப்பு பெரியப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் வாரத்தில் என்ன பாடம் வரும் என்று எனக்குத் தெரியும். 'பேசாமல் இருந்த துணை விமானி' என்ற பாடம். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆனால் அது நீதான் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை எழுதியது நான்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் என் வாயால் ஒரு முறை சரியாகச் சொல்லிவிடுகிறேன். இடது இருக்கையில் நான், கேப்டன். வலது இருக்கையில் நீ. இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். உன் அண்ணனும் நானும் ஒரே வகுப்பு என்பதால் நீ என்னை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவன். கதவைச் சாத்திய பிறகு ஆங்கிலத்தில் மட்டும், கையேட்டில் உள்ள வார்த்தைகள் மட்டும் என்பது விதி. நாம் இருவரும் சேர்ந்து பறக்கும்போது மட்டும் அந்த விதி கொஞ்சம் இளகிவிடும். தமிழ் நுழைந்துவிடும். அதை நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகள் மறிப்பதால் பெரும்பாலும் ஒரே பக்கமிருந்துதான் இறங்குவோம், காற்று முதுகில் அடித்தாலும். அன்று அடித்தது. தாமதமாகக் கிளம்பியிருந்தோம். மழை முன்னால் நின்றது. அது ஓடுபாதைக்கு வருவதற்குள் முந்திவிடலாம் என்று நான் நினைத்தேன். ஐநூறு அடி உயரத்தில் வேகம், இறங்கும் வீதம் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கேள்வியே இல்லை, இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். நமக்கு வரவில்லை. வேகம் கூடுதல், உயரமும் கூடுதல். எனக்கு அது தெரிந்தது. சரிக்கட்டிவிடலாம் என்ற திமிரும் இருந்தது.

அப்போதுதான் நீ கேட்டாய். "அண்ணே, போலாமா?"

"போலாம், போலாம்" என்றேன்.

நீ கேட்டது, சுற்றிப் போகலாமா என்று. நான் கேட்டுக்கொண்டது, இறங்கப் போகலாமா என்று. கையேட்டில் உள்ள 'கோ அரவுண்ட்' என்ற இரண்டு சொல்லை நீ சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் நான்கு வயது மூத்தவனிடம், நீ அண்ணே என்று கூப்பிடுகிற ஒருவனிடம், கட்டளை மாதிரி ஒரு வார்த்தையை உன்னால் எடுக்க முடியவில்லை. அதைக் கேள்வியாக்கி, பதமாக வைத்தாய். என் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சிறகின் மடிப்பை மாற்றும் நெம்புகோலில் கையை வைத்துத் தயாராகக் காத்திருந்தாய். நான் எஞ்சினை முடுக்கியதும் நீ செய்ய வேண்டிய முதல் வேலை அது. உன் கை அங்கே போனதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எதற்கு என்று அப்போது உறைக்கவில்லை.

ஓடுபாதையில் பாதி கழிந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. தண்ணீர் நின்ற பாதை. பிரேக்கை முழுசாக மிதித்தும் விமானம் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் இருக்கும் சிவப்பு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. விமானம் நின்றபோது விளக்குகளுக்கும் நமக்கும் நடுவே இரண்டு லாரி நிறுத்தும் இடம்தான் மிச்சம் இருந்தது.

நீதான் முதலில் பேசினாய். "சுத்திப் போலாமான்னுதாண்ணே கேட்டேன்" என்றாய். எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது, உன் கை எதற்கு அங்கே இருந்தது என்பதும் சேர்த்து.

பயணிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு சீன அம்மாள் என் கையைப் பிடித்து, நல்லா பிரேக் போட்டாய் என்று மலாயில் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த ஓட்டத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் உன்னிடம் அறிக்கை எழுத வேண்டாம் என்றேன். ஒன்றுமே ஆகவில்லையே, எதற்கு வீணாக ஊரைக் கூட்ட வேண்டும் என்றேன். எனக்கு அப்போது மற்ற விமானிகளுக்குப் பாடம் நடத்தும் பயிற்சிக் கேப்டன் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் உனக்குத் தெரியும். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். பிறகு சொன்னாய். "ஒன்னும் ஆகலன்னாதாண்ணே நாம எழுதணும். ஆயிட்டா எழுதறதுக்கு வேற ஆளுங்க வந்துருவாங்க."

நீ எழுதினாய். நான் சொன்னதை விட்டுவிடவில்லை, உன் தப்பையும் மறைக்கவில்லை. சரியான வார்த்தையைச் சொல்லாமல் தமிழில் கேள்வியாகக் கேட்டேன், கேப்டன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்று ஆங்கில எழுத்தில் அந்தத் தமிழ்ச் சொல்லையும் போட்டு விளக்கியிருந்தாய்.

பாதுகாப்புப் பிரிவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். வேகம், உயரம், எல்லா எண்ணும் மேசையில் அச்சாகிக் கிடந்தன. குரல் மட்டும் இல்லை. பதிவுப் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்திருக்கும், நாம் அதற்குப் பிறகு இரண்டு ஓட்டம் பறந்துவிட்டோம். அந்த அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்வி. துணை விமானி ஏதாவது சொன்னாரா?

சொன்னார் என்றால் அடுத்து, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். அதற்கடுத்து, விமானி அறையில் எதற்குத் தமிழ் என்று கேட்பார்கள். நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அவ்வளவுதான். கேப்டனின் வேகத் தவறுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். துணை விமானி எச்சரிக்கவே இல்லை என்பது முடிவு. நீ எழுதியிருந்த தமிழ்ச் சொல்லைப் பிறகு கட்டிய சாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். உனக்கு மறுபயிற்சி, கேப்டன் பட்டை நான்கு வருடம் தள்ளிப்போனது. எனக்குப் பதவி சில மாதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. நான் அயோக்கியத்தனம் செய்தேன். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நீ என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாய். நானாகவே சரி செய்துவிடுவேன் என்று எதிர்பார்த்தாயோ என்னவோ. வருடாந்தர வகுப்பு வந்தது. விமானிகள் எல்லோரும் உட்கார வேண்டிய வகுப்பு. பயிற்சிக் கேப்டனாக நான் முன்னால் நின்று, பேசாமல் இருந்த துணை விமானியின் கதையைத் திரையில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். உன் பெயர் பட்டியலில் இருப்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன். பாடத்தை மாற்ற நேரம் இருந்தது. மாற்றவில்லை. நீ கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். ஒரு இளம் விமானி, இப்படியும் ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு இருப்பானா என்றான். சிலர் சிரித்தார்கள்.

நீ கையைத் தூக்கினாய். எழுந்து நின்று, அமைதியான ஆங்கிலத்தில், அந்தத் துணை விமானி உண்மையிலேயே ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்டாய். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

இல்லை என்றேன்.

"தேங்க் யூ, கேப்டன்" என்று உட்கார்ந்தாய். அதன் பிறகு நீ என்னை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. பறக்கும்போது மட்டுமில்லை. உன் தங்கை கல்யாணத்தில், கல்லுமலைக் கோயிலில் தைப்பூசக் கூட்டத்துக்கு நடுவில், ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, எங்கேயும் கேப்டன்தான். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. நீ ஓங்கி அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பை ஒப்புக்கொண்டுவிடுவது என்ற முடிவோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கண்ணைத் திறந்து "வாங்க கேப்டன்" என்றதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று கோப்பிக் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினேன். அவர் பேசினார், நான் தவறாகப் புரிந்துகொண்டேன், விசாரணையில் பொய் சொன்னேன், வகுப்பிலும் பொய் சொன்னேன் என்று நான்கு வரி. ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதில் வீரம் ஒன்றுமில்லை, அதையும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. அந்தப் பாடத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லி, திங்கட்கிழமை நேரில் வந்து வகுப்பில் நானே சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடிதம் எழுத வந்த தைரியம் அந்த அறையை நினைத்ததும் ஓடிப்போய்விட்டது.

பிறகு புந்தோங்குக்கு, உன் வீட்டுக்குப் போனேன். மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. உன் மனைவி பலகாரத் தட்டோடு வந்தாள், உன் மகள் எதிரே உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வண்டியில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"ஒங்கப்பா பேசினாரும்மா. கேக்காதது நான்தான்" என்றேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

உன் மனைவி தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் மூடவே இல்லை. நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அவளும் மற்றவர்கள் நம்பியதைத்தான் நம்பியிருக்கிறாள்.

மகள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. பயிற்சி விமானி கேட்கிற கேள்வியைக் கேட்டாள். அப்பா கேட்டபோது எத்தனை அடி உயரம் என்றாள். ஐநூறு என்றேன். விமானம் ஏறவில்லை என்று தெரிந்ததும் அப்பா ஏன் இரண்டாவது தடவை சொல்லவில்லை என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். அதை நீயே உன் அறிக்கையில் எழுதியிருக்கிறாய், அதையும் அவளிடம் சொன்னேன். நான் போலாம் என்று சொன்னதால் ஏறிவிடுவேன் என்று கடைசி நொடி வரை நம்பிக்கொண்டிருந்தார், கை நெம்புகோலிலேயே இருந்தது, நான் பார்த்தேன் என்றேன்.

அந்தக் கை இன்னும் எனக்குள் இருக்கிறது. எஞ்சின் சத்தம் கேட்கிற ஒவ்வொரு பிற்பகலும் அது அங்கேயே காத்திருக்கிறது, என்னை நம்பிக்கொண்டு.

உன் மகள் தலையை நிமிர்த்தினாள். பாதுகாப்புப் பிரிவிலிருந்து கூப்பிட்டதை நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

"இத நீங்க வகுப்புல வந்து சொல்லணும் பெரியப்பா" என்றாள். "எனக்கு மட்டும் சொன்னா பத்தாது. அங்க இருக்கறவங்கல்லாம் கேக்கணும். நான் மொத வரிசையில உக்காந்திருப்பேன்."

வாரேன்மா என்றேன்.