பதினோராம் தெருவுக்குப் பெயர் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

உயிரோடிருக்கும் ஒருவருக்கு நான் எழுதி வைத்த நினைவுப் பலகையை இன்று அவரே படித்துவிட்டார். நகராட்சி அலுவலகத்தில், என் மேசைக்கு அடியில். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, ஒரு வரி விடாமல்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பூமி பிளந்து உள்ளே போக வேண்டும் என்று இதுவரை மூன்று தடவை வேண்டியிருக்கிறேன். இது நான்காவது. பூமி ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்கிறதா?

நடந்தது இதுதான். கோப்பை வென்ற எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் பதினொரு பேருக்கும் புதுக் குடியிருப்பில் ஆளுக்கொரு தெரு. ஆனால் செத்தால்தான் பெயர். முன்பு ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைத்தோம்; அடுத்த வருடமே அவர் எதிர் ஊர் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அன்று போட்ட விதி. இப்போது பத்துப் பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. பத்துத் தெருவுக்கும் அவரவர் பட்டப்பெயர் வைத்தாயிற்று. நான் இருப்பது கோல்கீப்பர் பெயரில் சுவர் தெரு. என் வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்து எட்டு மாதமாகிறது, அது வேறு கதை.

மிச்சம் தபால்காரர் ஒருவர்தான். ஏழாம் நம்பர் சட்டை. வேலையும் தபால்காரர், பட்டப்பெயரும் அதுவே. பலகைகளைத் தனித்தனியாக வார்த்தால் பட்டறையில் தாமதமாகும் என்று பதினொன்றையும் ஒரே தடவையில் வார்த்துவிட்டார்கள். வாரப் பத்திரிகையில் துணுக்கு எழுதுகிறவள் என்பதால் வாசகம் எழுதும் வேலை என் தலையில். அவருடையதில் பிறந்த வருடம் இருக்கிறது, ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்குப் பக்கத்தில் வெறும் இடம்.

பதினோராம் தெருவுக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை என்று புகார் கொடுக்க வந்திருந்தார். புகார் மனு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "ஒரு தப்பு மட்டும் இருக்கு." சொல்லாமலே போய்விட்டார்.

மார்ச் 4, புதன்

தூக்கம் வரவில்லை. என்ன தப்பு?

மார்ச் 9, திங்கள்

மன்னிப்புக் கேட்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். பாதி மன்னிப்பு, பாதி வம்பு. நான் இதை எழுதாவிட்டாலும் என் நாக்குக்குத் தெரியும்.

பதினோராம் தெருவின் முனையில் பலகைக்காக நட்ட இரண்டு கம்பங்கள் மூன்று வருடமாக மொட்டையாக நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றுக்கு நடுவே பந்தை அடித்து கோல் போடுகிறார்கள். தெருக்காரர்களின் அன்பு இருக்கிறதே, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஐயா, உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" "நல்லாயிருக்கேன்." "அப்படியா..." அந்த 'அப்படியா' இறங்குகிற இறக்கத்தைக் கேட்க வேண்டுமே!

அவர் மனைவி போய்ப் பல வருடமாகிறது. மகள் வெளியூர். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இறுதி ஆட்டத்துல ரெண்டாவது கோல் நான் அடிச்சதுன்னு போட்டிருக்க. நான் அடிக்கல. என் தம்பி அடிச்சான்."

அன்று அவருக்கு நல்ல காய்ச்சலாம். தம்பிக்குப் பதினேழு வயது, அணியில் பதிவு செய்யாதவன். முகஜாடை ஒன்றுபோல. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

"அந்தப் போட்டோ பாத்திருக்கியா?"

பார்க்காமல்? எங்கள் அலுவலக வாசலிலேயே மாட்டியிருக்கிறது. கோல் அடித்தவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். எவ்வளவு அடக்கம் பார் என்று ஊரே மெச்சிய படம்.

"அடக்கமாவது மண்ணாவது. மூஞ்சி தெரிஞ்சிருமேன்னு பொத்திக்கிட்டான் பய."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்கவில்லை. மறு வருடம் அந்தத் தம்பி ஆற்றோடு போய்விட்டானாம்.

"நான் செத்தப்புறம் அந்தப் பொய்க்குக் கீழதாம்மா காலாகாலத்துக்கும் நிக்கணும். மாத்திடு."

"பேரு என்னன்னு போடட்டும் ஐயா?"

"பேரு வேணாம். தம்பின்னு போடு, போதும்."

மார்ச் 17, செவ்வாய்

தெருப் பெயர்க் குழுத் தலைவரிடம் மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன். 'ஒரு பேச்சுக்கு' என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன்.

"பதியாத ஆளு ஆடினான்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா கோப்பையத் திருப்பிக் கேப்பாங்க. கோப்பை இல்லன்னா தெரு எதுக்கு? முந்நூத்திச் சொச்சம் வீட்டு முகவரிய யாரு மாத்துறது, நீயா?"

நான்தான். முகவரிப் பிரிவில் இருப்பது நான் ஒருத்திதானே.

மார்ச் 18, புதன்

அந்தப் படத்தை இத்தனை வருடம் பார்த்தேன், ஒரு நாளும் உற்றுப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். விரல்களுக்கு நடுவே ஒரு கண் தெரிகிறது. அது சந்தோஷப்படுகிற கண் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

சாயங்காலம் பதினோராம் தெரு வழியாக வந்தேன். எனக்கு அது சுற்றுவழி. காலே என்னை அந்தப் பக்கம் இழுத்துப் போகிறது. தெருவில் ஒரு பிள்ளை இல்லை, பரீட்சை நேரம். ஆனாலும் சுவரில் பந்து மோதுகிற சத்தம் கேட்டது. டப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டப். திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு கம்பம்தான் நிற்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குக் காது மந்தம்னு நெனச்சேன், இப்ப அதிகமா வேற கேக்குதா?" என்றார். நாளெல்லாம் ஊரைக் கிண்டல் பண்ணுகிறவளுக்கு வாய்த்த புருஷன்.

தபால்காரர் சன்னலில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே பார்த்தார், யாரோ ஓடி வருவதைப் பார்ப்பது போல. நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? பயம். பேய்க்கதை சொல்லி அடுத்தவர் பிள்ளைகளை அழ வைத்த எனக்கு, பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பயம்.

ஏப்ரல் 29, புதன்

பதினோராம் தெருவில் காலை பத்து மணி வரை அந்தச் சன்னல் திறக்கவில்லை.

தெருக்காரர்கள் எல்லாரும் உண்மையாகவே அழுதார்கள். என்னால் அதைக் கிண்டல் பண்ண முடியவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

வருடத்தைச் செதுக்கப் பலகையைப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார் தலைவர். நானே எடுத்துப் போனேன். ஆட்டோவில் மடியில் வைத்திருந்தேன், தூங்குகிற பிள்ளை போல அத்தனை கனம்.

பட்டறைக்காரரிடம் கடைசி வரியைத் தேய்த்துவிட்டு வேறு வரி பதிக்கச் சொன்னேன். "குழு ஒப்புதல் இருக்காக்கா?" என்றார். "நான்தானே எழுதினது? நான்தான் திருத்தணும்" என்றேன். முப்பது வருட வேலையில் முதல் பொய் என்று எழுதலாம். எழுதினால் அது இரண்டாவது பொய்.

புது வரி: 'இரண்டாம் கோல்: இவருடைய தம்பி.'

மே 11, திங்கள்

பலகை ஏறிவிட்டது. தலைவர் துணியை இழுத்தார், கை தட்டினார், போட்டோவுக்கு நின்றார். பெரிய எழுத்துக்குக் கீழே யார் படிக்கிறார்கள்? இருந்தாலும் கூட்டத்தின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்தால் என் வேலையும் போகும், ஊர்க் கோப்பையும் போகும். ஒரு பிள்ளை படித்தது. "தம்பின்னா யாரு?" என்று கேட்டது. அதன் அம்மா "பேசாம நில்லு" என்றாள்.

வரியை மாற்றிய நாளிலிருந்து அந்தப் பந்துச் சத்தம் கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். யாரோ ஒரு பையனுக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது – சரி, பெருமைதான். எழுதி வைக்கிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 2, செவ்வாய்

தபால்காரரின் மகள் வாரிசுச் சான்று மனுவில் முகவரி முத்திரை வாங்க வந்திருந்தாள். அப்பா ஜாடை. பலகையைப் பார்க்கவில்லையாம், திரும்பும்போது அந்த வழியாகப் போவதாகச் சொன்னாள். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். இறந்தவர் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள். அடுத்த கட்டம் உடன்பிறந்தவர்கள்.

"சின்ன வயசுலயே இறந்தவங்களையும் எழுதணும்மா" என்றேன், எல்லாம் தெரிந்தவளாக.

"கோடு போட்டுருங்கக்கா" என்றாள். "அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை."