திராட்சைத் தோட்டத்தில் வெறுங்கால்

சன்னிவேல் நகரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு, ஓவியாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நான் சுகம்.

சனிக்கிழமை தோழி விஷாகாவோடு நாபா மலைகளில் சைக்கிள் ஓட்டினேன், அப்பா! ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இறக்கத்தில் கத்திக்கொண்டே பறந்தேன். இருபுறமும் திராட்சைதான். கம்பம் ஊரில் நம் தோட்டத்தில் இருப்பது போலப் பந்தல் இல்லை, வேலி மாதிரி வரிசை வரிசையாக.

ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்தார்கள். நான் வாசலிலேயே குனிந்துவிட்டேன்.

"ஷூவ ஏன்டி கழட்டுற?" என்றாள் விஷாகா.

"செருப்போட தோட்டத்துல கால் வச்சா எங்கப்பா திட்டுவாருடி."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், தோட்டக்கார அம்மாவும் பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்களோடு நடந்தார்! எனக்குச் சின்ன முள் குத்தியது, அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

குக்கர் விசில் அடிக்கிறது, முடிக்கிறேன். அடுத்த முறை நம் தோட்டத்தில் நின்று வீடியோவில் பேசுங்கள். முகத்தைக் காட்டிவிட்டு, போனைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். உங்கள் காலும் மண்ணும் தெரியட்டும்.

ஓவியா