கழுவாமல் விட்ட தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழுப்பினால் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். நான் நன்றாகவே இருக்கிறேன்.

வெளிக்காற்று புகாத இந்தச் சோதனைக் கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் செடிகள் விடும் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். எங்கள் கழிவுநீர்தான் செடிகளுக்கு உணவு. அதை உணவாக மாற்றித் தருபவை வேர்த்தொட்டியில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்.

சுத்தம் பார்ப்பதில் எங்கள் மெக்கானிக் உங்களுக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டியவர். போன மாதம் அந்தத் தொட்டியை மருந்து போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

"சுத்தமா இருந்தா நல்லதுதானே?" என்றார்.

"தொட்டி சுத்தம்தான். செடிதான் பட்டினி கிடக்குது" என்றேன்.

இப்படியே போனால் பெரிய கதவைத் திறந்துவிட வேண்டியதுதான், இத்தனை நாள் உழைப்பும் வீண் என்றார் எங்கள் குழுத் தலைவி. நான் பதறவில்லை. நாற்று வளர்த்த தட்டு ஒன்றைச் சோம்பலில் கழுவாமல் ஈரத்தோடு மூலையில் போட்டிருந்தேன். அதில் அதே வழுவழுப்பாக ஒட்டியிருந்த அழுக்கை வழித்துத் தொட்டியில் கரைத்தேன். இப்போது எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நீங்கள் திட்டித் தீர்த்த என் சோம்பல்தான் நான்கு பேரின் மூச்சைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம், வெளிக்காற்று புகாமல் சாமான் வாங்கும் சின்னக் கதவு திறக்கும். ஒரு நகவெட்டியும் தடித்த காலுறையும் அனுப்புங்கள். கூடவே, நீங்கள் தோளில் போடும் துண்டு ஒன்று.

தலைவி கூப்பிடுகிறார், ஓடுகிறேன். அப்பா, அந்தத் துண்டைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்